தூசிக்கு இடமுண்டு

மூன்று வருடமாக
லோகேஸ்வரியின் கண்களை மட்டுமே எனக்குத் தெரியும்.
மீதியெல்லாம் வெள்ளை உறை.
சாப்பாட்டு நேரம் வேறு, பஸ்ஸும் வேறு.
பாயான் லெப்பாஸில் எங்கள் தொழிற்சாலைக்குள்
தலைமுடி ஒரு குற்றம்,
தும்மல் அதைவிடப் பெரிய குற்றம்.
காற்றையே வடிகட்டித் தருவார்கள்,
எங்களுக்காக அல்ல,
சில்லுகளுக்காக.

சனிக்கிழமை காலை இரவு ஷிப்ட் முடிந்து
கார் நிறுத்துமிடத்தில் ஒருத்தி கையசைத்தாள்.
இடக் கன்னத்தில் மச்சம்,
முன்பல்லில் சின்ன இடைவெளி.
குரல் வந்த பிறகுதான் ஆள் புரிந்தது:
"ஏறுலா, தூக்கமெல்லாம் கார்ல."

அவள் தம்பியின் பழைய கஞ்சில்.
ஏர்கான் போட்டால் மேடு ஏறாது,
மேடு ஏற வேண்டுமென்றால் புழுங்க வேண்டும்.
புழுங்கினோம்.
பாலிக் பூலாவில் பசியாறினோம்,
எனக்கு ரொட்டி சானாய், அவளுக்கு அதுவும் இன்னொன்றும்.
கட்டிக்கொண்ட நாசி லெமாக் பொட்டலங்கள்
பின்சீட்டில் கூடாரத்தின்மேல் சாய்ந்தபடி வந்தன.
பிறகு வளைவுகள்.
நாற்பத்தேழு என்றேன் நான்,
முப்பத்தொன்பது என்றாள் அவள்.
எண்ணுவதுதான் இருவருக்கும் சம்பளம்,
இருந்தும் ஒத்துப்போகவில்லை.
டுரியான் வாசம் சன்னல் வழியே ஏறிக்கொண்டு
தெலுக் பஹாங் வரை இறங்க மறுத்தது.

வனப் பூங்காவில், ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
கூடாரத்தை அவிழ்த்தோம்.
அது தவநேசனோடு போவதற்கு நான் வாங்கியது.
தவநேசன் ஜோகூருக்குப் போனான்,
அங்கிருந்து எனக்குத் தெரியாத எங்கோ.
சொன்னேன்.
கேட்டுக்கொண்டிருந்தவள்
"கம்பி எத்தனை?" என்றாள்.
நான்கு.
பைக்குள் மூன்றுதான் இருந்தன.
விழுந்து கிடந்த கிளையொன்றை நான்காவதாக நட்டோம்.
அந்த மூலை மட்டும்
ஞாயிற்றுக்கிழமைபோல் தொய்ந்தது.

மத்தியானம் மலை ஏறினோம்.
வேர்களே படி, சில இடங்களில் கயிறு.
முதல் வழுக்கலிலேயே என் உள்ளங்கை நிறையச் செம்மண்.
துடைக்கத் துணி தேடிய என்னைப் பார்த்தாள்,
குனிந்து ஒரு பிடி அள்ளி
தன் கையிலும் பூசிக்கொண்டாள்.
ஒரு துகள் விழுந்தால் ஒரு தட்டே வீண் என்று கத்தும்
எங்கள் மேற்பார்வையாளர்
இங்கே வந்தால் மயங்கி விழுவார்.
மேலே போனதும் கடல்.
நடுவே மீன் வளர்க்கும் கூண்டுகள்
கட்டம் கட்டமாக, கோடு பிசகாமல்.
"வேஃபர்!" என்றோம் ஒரே நேரத்தில்.
உடனே இருவருக்கும் வெட்கமாகிவிட்டது.

இரவு மழை.
தொய்ந்த மூலை வழியாகத்தான் வந்தது,
வரும் என்று தெரியும்.
பைகளை நகர்த்தினோம், பிறகு எங்களை நகர்த்தினோம்.
பாதி வெந்த மேகியைப் பானையோடு சாப்பிட்டோம்.
அவள் பேசிக்கொண்டே தூங்கிப்போனாள்,
வாக்கியத்தின் நடுவில்,
அவள் அப்பா என்ன சொன்னார் என்பது
இன்றுவரை எனக்குத் தெரியாது.

கூடாரத்தின் மஞ்சள் துணி வழியே விடிந்தது.
லித்தோ அறையில் எரியும் அதே மஞ்சள்.
ஷிப்ட்டில் தூங்கிவிட்டேன் என்று பதறி எழுந்து
முகக்கவசத்தைத் தேடினேன்.
கையில் தட்டுப்பட்டது அவள் மூக்கு.
மூக்கில் மண்,
உதட்டோரம் காய்ந்த மேகி,
இவ்வளவு அருகில் ஒரு முழு முகம்.
"என்ன?" என்றாள் கண் திறக்காமல்.
ஒன்றுமில்லை என்றேன்.

என் முழங்கையில் ஓர் அட்டை,
அவள் கணுக்காலில் ஒன்று.
உப்பு கொண்டுவரவில்லை.
நேற்றைய சம்பாலைத் தடவினோம்.
அட்டைகள் விழுந்தன,
எரிச்சல் எங்களுக்கு.

திங்கள் இரவு.
காற்றுக் குளியல், முப்பது விநாடி.
தலை, முகம், கை, கால் எல்லாம் உறைக்குள்.
நகங்களை நான்கு முறை தேய்த்திருந்தேன்.
துகள் எண்ணும் கருவி பச்சை காட்டியது.
ஒன்பதாம் எந்திரத்தில் அவள்,
பத்தில் நான்.
உறைக்குள் முழங்கை அரிக்கிறது,
சொறியக் கூடாது.
எதிரே அவள்
ஒற்றைக் காலில் நின்று
மற்ற காலால் கணுக்காலை உரசுகிறாள்,
யாருக்கும் தெரியாமல்,
கண்களை என்மேல் வைத்துக்கொண்டு.